கிலோவாட் அளக்காத முதல் 2 விநாடி

மெல்பர்னில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். மகனுக்கு இப்போதுதான் சிவப்பு பி-பிளேட் (புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் காரில் மாட்ட வேண்டிய 'P' பலகை) கிடைத்திருக்கிறதாம். வீட்டில் இருப்பது மின்சாரக் கார். "விதிப்படி அவன் இதை ஓட்டலாம் என்கிறார்கள். ஆனால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் எனக்கே முதுகு சீட்டில் அழுந்துகிறது. எதை அளந்து ஓட்டலாம் என்று சொல்கிறார்கள்?"

அருமையான கேள்வி. விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்திலும் பக்கத்து நியூ சவுத் வேல்ஸிலும் பி-பிளேட் ஓட்டுநர்கள் ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் திறன் உள்ள கார்களை ஓட்டக் கூடாது. காரின் திறனை அதன் எடையால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. இத்தாலியிலும் இப்படி ஒரு வரம்பு உண்டு. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு முதல் 3 ஆண்டுகள் டன்னுக்கு 75 கிலோவாட், மொத்தத்தில் 105 கிலோவாட். மின்சாரக் கார்களுக்கும் இதே கணக்குதான்.

ஆக, எல்லாரும் அளப்பது திறனை. உங்கள் முதுகை அழுத்துவதோ விசை. இரண்டும் வேறு வேறு. மின்மோட்டாரில் இந்த வேறுபாடு பெட்ரோல் எஞ்சினில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிது.

பெட்ரோல் எஞ்சின் நின்றுகொண்டிருக்கும்போது அதனால் எதையும் தள்ள முடியாது. காற்றை உறிஞ்சி, அழுத்தி, எரிக்க வேண்டுமென்றால் அது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் கார் நிற்கும்போதும் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று அளவில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் முழு முறுக்குவிசை (சக்கரத்தைத் திருகும் விசை) வெளிவர இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். இடையில் கிளட்ச், கியர் எல்லாம் வேறு.

மின்மோட்டாருக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் விசை பிறக்கும். பள்ளியில் இடது கை விரல்களை விரித்துப் படித்தோமே, அதேதான். அந்த விசைக்கு மோட்டார் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை. மின்னோட்டம் இருந்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. மோட்டார் சுற்றத் தொடங்கியதும் அதன் காந்தங்கள் கம்பிச்சுருள்களைக் கடந்து ஓடுகின்றன. ஃபாரடே சொன்னபடி அந்தச் சுருள்களில் ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. இயற்பியலாளர் லென்ஸ் சொன்னபடி அது பேட்டரியின் அழுத்தத்தை எதிர்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், அதே நேரத்தில் ஒரு ஜெனரேட்டராகவும் இருக்கிறது! வேகம் கூடக் கூட இந்த எதிர்ப்பும் கூடுகிறது. ஒரு கட்டத்துக்குமேல் பேட்டரியால் முழு மின்னோட்டத்தையும் உள்ளே தள்ள முடியாமல் போகிறது. அப்படியென்றால் எதிர்ப்பே இல்லாத நேரம் எது? சக்கரம் அசையாமல் நிற்கும் அந்தக் கணம். பெட்ரோல் எஞ்சின் கையறு நிலையில் இருக்கும் இடத்தில்தான் மின்மோட்டார் முழு பலத்தோடு நிற்கிறது.

சரி, இதைக் கிலோவாட்டோடு சேர்த்துப் பார்ப்போம். திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கினால் வருவது. வேகம் பூஜ்யம் என்றால், விசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் திறனும் பூஜ்யம்தான். 1,800 கிலோ எடையுள்ள ஒரு கார் 9,000 நியூட்டன் விசையோடு கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விநாடியும் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் கூடும். முதல் விநாடி முடியும்போது அது பயன்படுத்தும் திறன் வெறும் 45 கிலோவாட். இரண்டாவது விநாடி முடிவில் வேகம் 36, திறன் 90 கிலோவாட். இதே விசையோடு போனால், 150 கிலோவாட் திறன் முழுவதும் தேவைப்படுவது 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போதுதான்.

இப்போது 90 கிலோவாட் காரையும் 150 கிலோவாட் காரையும் பக்கத்தில் நிறுத்துங்கள். எடையும் தொடக்க விசையும் ஒன்றாக இருந்தால், முதல் 2 விநாடி, முதல் 10 மீட்டர், இரண்டும் ஒட்டியே போகும். பார்க்கிங்கிலிருந்து வெளியே வருவது, சந்திப்பில் திரும்புவது, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடுவது எல்லாம் நடப்பது அந்த 10 மீட்டருக்குள்தான். கால் தவறிவிட்டது என்று மூளை உணர்ந்து காலை எடுக்கவே ஒரு விநாடி ஆகிவிடும். கிலோவாட் வரம்பு அந்த விநாடியைத் தொடுவதே இல்லை.

அந்தக் கிலோவாட் எண்ணிலேயே இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஐநா விதி 85-இன்படி மின்மோட்டாருக்கு இரண்டு அளவுகள் எடுக்கிறார்கள். ஒன்று, உச்சத் திறன். மற்றொன்று, 30 நிமிடம் விடாமல் தரக்கூடிய திறன். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் வெப்பம் நான்கு மடங்காகும். சில விநாடிகள் என்றால் செம்பே அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். அரை மணி நேரம் என்றால் காப்புப் பூச்சு கருகும், காந்தம் வலுவிழக்கும். அதனால் 30 நிமிடத் திறன் உச்சத்தில் பாதியளவாக இருப்பது சாதாரணம். இத்தாலியில் மின்சாரக் கார்களின் பதிவு ஆவணத்தில் ஏறுவது இந்தச் சிறிய எண். ஒரு இளைஞர் வேகமாக முந்திச் செல்ல எடுத்துக்கொள்வது 5 விநாடி. சட்டம் அவருடைய காரை மதிப்பிடுவதோ 30 நிமிட எண்ணை வைத்து.

எடையால் வகுப்பதும் எனக்கு உறுத்துகிறது. ஒரு டன் எடையும் 120 கிலோவாட் திறனும் உள்ள பெட்ரோல் கார், டன்னுக்கு 120. பெரிய பேட்டரியோடு 2.2 டன் எடையும் 280 கிலோவாட் திறனும் உள்ள மின்சாரக் கார், டன்னுக்கு 127. இரண்டுமே 130-க்குள் வந்துவிடுகின்றன. ஆனால் ஒரே வேகத்தில் மோதினால் இரண்டாவது கார் சுமந்து வரும் ஆற்றல் 2.2 மடங்கு. பேட்டரியின் எடை கூடுதல் திறனுக்கு அனுமதி வாங்கித் தருகிறது. அந்த எடையின் விலையைக் கொடுப்பது எதிரே வருபவர்.

இதற்காக மின்சாரக் காரை இளைஞர்களுக்குத் தரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழு விசையையும் நொடியில் தரும் அதே மோட்டார், அதை நொடியில் விட்டுக்கொடுக்கவும் செய்யும். சக்கரம் வழுக்கத் தொடங்கினால், மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் சில மில்லிவிநாடிகளில் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்; பெட்ரோல் எஞ்சினால் அந்த வேகத்தில் அடங்க முடியாது. தொடக்க விசையை மென்பொருளிலேயே பாதியாக்கலாம். பல கார்களில் அப்படி ஒரு நிதானமான ஓட்டுமுறை ஏற்கெனவே இருக்கிறது. பி-பிளேட் ஓட்டுநருக்கென்று தனிச் சாவி, அந்தச் சாவியைப் போட்டால் அந்த ஓட்டுமுறை மட்டும்: சட்டம் இதைக் கேட்டால் நாளைக்கே செய்யலாம்.

கேட்பதற்கு முன் ஆதாரம் வேண்டும். அதற்குப் பொதுப்பணம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் விபத்துப் பதிவுக் கருவி கட்டாயம். மோதலுக்கு முந்தைய 5 விநாடிகளின் வேகமும் பிரேக்கும் அதில் இருக்கும். அந்தப் பதிவுகளை ஓட்டுநரின் வயது வாரியாகப் பிரித்துப் படிக்க ஆராய்ச்சியாளர்களுக்கு அரசுகள் தாராளமாக நிதி கொடுக்க வேண்டும். புதிய கார் வாங்க மானியம் கொடுக்கும் அரசுகளுக்கு இது பெரிய தொகை இல்லை.

அம்மா, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். கார் மாடலை மாநிலத்தின் தடைப் பட்டியலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அனுமதி இருந்தாலும் முதல் சில மாதங்கள் நிதானமான ஓட்டுமுறையிலேயே வைத்திருங்கள்; புதிய ஓட்டுநர்களுக்கு ஆபத்து மிக அதிகம் இருப்பது அந்த மாதங்களில்தான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத திடலில், சாதாரண ஓட்டுமுறைக்கு மாற்றி அவனை நின்ற நிலையிலிருந்து பத்து முறை கிளம்பச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவன் முதுகும் ஒருமுறை சீட்டில் அழுந்தட்டும்.