ஓகஸ்ட் விடுமுறைப் பயிற்சி: உங்கள் பெயர் எந்த மேசையில் நிற்கிறது?

விடுமுறை தொடங்கினால் ஆசிரியர் மத்திய நிலையங்களில் சேவைக்காலப் பயிற்சிகளும் தொடங்கிவிடும். விரும்பினால் போகலாம் என்று இருந்துவிட வேண்டாம். 2014இல் வந்த இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்புக்குப் (சேவை விதிகளுக்குப்) பிறகு, பதவியுயர்வு கேட்டுப் போகிறவரிடம் மொடியூல் (பயிற்சித் தொகுதி) முடித்த சான்றும் கேட்கிறார்கள். பின்னணி இவ்வளவு போதும்.

உங்கள் பெயரோடு வரும் பயிற்சி அழைப்புக் கடிதம் பெரும்பாலும் பாடசாலையிலேயே நின்றுபோகிறது. வெருகல் பக்கம் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் கடித உறையை என் கையில் தந்தார். வலயக் கல்வி அலுவலகம் அனுப்பிய திகதி முத்திரை பயிற்சிக்குப் பத்து நாள் முந்தியது. அவர் கையில் கிடைத்ததோ பயிற்சி முடிந்த மூன்றாம் நாள். "கவனிக்கவில்லை ரீச்சர்" என்று பாடசாலையில் சொன்ன ஒரு சொல்லோடு அந்தக் கதை முடிந்தது. எனவே கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். உங்கள் பாட ஆசிரிய ஆலோசகரிடம் ஜூலையிலேயே திகதி கேளுங்கள். அதிபர் ஊடாக விண்ணப்பத்தைக் கொடுத்து, அதன் ஒரு முற்பிரதியை நேரே வலய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் துண்டைத் தொலைக்காதீர்கள்.

வேறு வலயத்துக்குத் தற்காலிக இணைப்பில் இருப்பவர்கள் படும் பாடு இதைவிட மோசம். நிரந்தர நியமனம் மூதூர் வலயத்தில், வேலை திருகோணமலை நகரில் என்றால், இங்கே "பைல் அங்கே" என்பார்கள், அங்கே "ஆள் இங்கே இல்லையே" என்பார்கள். பஸ் காசும் லீவும்தான் கரையும். ஒரே கடிதத்தை நிரந்தர வலயத்துக்கு எழுதி, இணைப்பு வலயத்துக்குப் பிரதியிடுங்கள். இரண்டிலும் திகதி முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகர வேண்டாம்.

அடுத்தது நியமனப் பாடம். நியமனக் கடிதத்தில் தமிழ், நேரசூசியில் ஐந்து வருடமாக வரலாறு. வரலாற்றுப் பயிற்சிக்குப் போனால் "உங்கள் பாடம் இல்லை" என்று திருப்புகிறார்கள். ஆள் இல்லாத பாடத்தை ஆசிரியர் தலையில் கட்டியதும் இதே நிர்வாகம்தான்! அதிபர் ஒப்பமிட்ட நேரசூசிப் பிரதியை விண்ணப்பத்தோடே இணையுங்கள்.

கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பாடசாலை ஆசிரியர்களே, நோன்பு விடுமுறையால் உங்கள் தவணை வேறு. மற்றவர்களுக்கு விடுமுறையாக இருக்கும் நாள் உங்களுக்குப் பாடசாலை நாளாக விழலாம். கடமை லீவை எழுத்தில் வாங்கிவிட்டுப் போங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் போனால் அது சொந்த லீவில் கழியும்.

பயிற்சி நடக்கும் இடத்தில் காலை, மாலை இரண்டு ஒப்பத்தையும் நீங்களே பார்த்து இடுங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க மூன்று மணிக்கே ஓடியவர் சான்றிதழ் இல்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அதன் பிரதி உங்கள் சுயவிபரக் கோவைக்குப் போனால்தான் கணக்கு.

இந்தியாவில் ஒரு பயிற்சி கிடைத்தால், விடுமுறைதானே என்று விமானம் ஏற வேண்டாம். அதற்கும் வெளிநாட்டு லீவு அனுமதி வேண்டும்.

பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்டுப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தெரிவுப் பட்டியலின் பிரதி கேட்டு அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கொடுத்த அன்றே பற்றுச்சீட்டு கேளுங்கள், நாள் அதிலிருந்துதான் எண்ணப்படும்.