அணை வற்றும் முன்பே குழாயை மூடுவது ஏன்?

2015 முதல் மூன்று ஆண்டுகள் குளிர்கால மழை பொய்த்த தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம், 2018 தொடக்கத்தில் ‘டே ஜீரோ’ என்ற நாளை எதிர்நோக்கியிருந்தது. அணைகள் அடியோடு வற்றும் நாள் அது என்று வெளியுலகில் பலரும் எண்ணினர். உண்மையில், நகருக்கு நீர் தரும் ஆறு பெரிய அணைகளின் மொத்த இருப்பு 13.5 விழுக்காட்டுக்கு இறங்கும் நாளையே அது குறித்தது. அன்று பெரும்பாலான வீடுகளின் குழாய்களை மாநகராட்சியே மூடிவிடும் என்பது திட்டம்.

நீர் மிஞ்சியிருக்கும்போதே மூடுவதற்குக் காரணம் உண்டு. அணையின் கடைசி 10 விழுக்காடு நீர் சேறும் பாசியும் கலந்து கிடப்பதால், அதை எடுப்பதும் சுத்திகரிப்பதும் கடினம். எஞ்சும் 3.5 விழுக்காடு என்பது, சுமார் 90 கோடி கன மீட்டர் மொத்தக் கொள்ளளவில், ஏறத்தாழ 3,150 கோடி லிட்டர். நாளொன்றுக்கு 50 கோடி லிட்டர் என்று செலவிட்டால் ஏட்டுக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு வரும். ஆவியாவதையும் பாசனத்துக்குப் போவதையும் கழித்தால் அவ்வளவு நாளும் தாங்காது.

குழாய் வலையமைப்பைப் பற்றிய கவலை இதைவிடப் பெரிது. குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்வரை, விரிசல் வழியே நீர் வெளியேதான் கசியும். அழுத்தம் விழுந்துவிட்டாலோ சுற்றியுள்ள மண்ணின் ஈரமும், அருகில் ஓடும் சாக்கடையின் கசிவும் அதே விரிசல் வழியே உள்ளே புகும். வெறுமையான குழாயில் மீண்டும் நீரை விடும்போது, அடைபட்ட காற்றும் திடீர் அழுத்தமும் பழைய இணைப்புகளைப் பிளக்கக்கூடும். ஆகவே, அழுத்தத்தை முழுவதும் இழக்காமல் குறைப்பதே பொறியாளர்களின் நோக்கம். கேப் டவுன் பகுதி பகுதியாக அழுத்தக் குறைப்பு வால்வுகளைப் பொருத்தியது. அழுத்தம் குறைந்தால் கசிவும் குறையும், குழாயடியில் பிடிக்கும் நீரும் குறையும். மக்கள் கவனத்தைப் பெறாத இந்த ஏற்பாடுதான், என் பார்வையில், திட்டத்தின் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதி.

பலவீனமான பகுதி விநியோகம். குழாய்கள் மூடப்பட்டபின் சுமார் 200 மையங்களில் ஆளுக்கு 25 லிட்டர் வழங்குவதாக இருந்தது. நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 40 இலட்சம். மையத்துக்கு 20,000 பேர். ஒவ்வொருவரும் தாமே வந்தால், பன்னிரண்டு மணி நேரம் திறந்துவைத்தாலும் நிமிடத்துக்கு 28 பேருக்கு அளந்து கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வந்தால் வரிசை குறையும். ஆனால் நால்வருக்கான 100 லிட்டரை, அதாவது 100 கிலோவை, முதியவர் ஒருவர் எப்படிச் சுமப்பார்? மருத்துவமனைகளுக்கும், நோய் விரைவில் பரவக்கூடிய நெரிசலான குடிசைப் பகுதிகளுக்கும் இயன்றவரை குழாய்நீரை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தது மட்டும் தெளிவான சுகாதாரக் கணக்கு.

அந்த வரிசைகள் உருவாகவேயில்லை. பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற வரம்பு வந்தது. 2015இல் 120 கோடி லிட்டரை ஒட்டியிருந்த நகரின் அன்றாடப் பயன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது. விவசாயிகள் சங்கம் ஒன்று தன் அணையிலிருந்து 1,000 கோடி லிட்டரை, அதாவது நகரின் 20 நாள் தேவையை, விட்டுக்கொடுத்தது. ஜூனில் மழை பெய்து, அணைகள் 70 விழுக்காட்டைத் தாண்டிய பிறகுதான், அக்டோபரில் வரம்பு 70 லிட்டராகத் தளர்த்தப்பட்டது.