கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று பொருளா?

உரையைப் படித்து உரை எழுதும் செயற்கை நுண்ணறிவான ஒரு மொழி மாதிரியின் கையில் கோப்புத் தேடல் கருவி ஒன்றைக் கொடுக்கும்போது, அந்தக் கருவியின் நிரல் அதன் கண்ணில் படுவதில்லை. கருவியின் பெயர், அதைப் பற்றிச் சில வரிகளில் எழுதப்பட்ட விளக்கக்குறிப்பு, தர வேண்டிய உள்ளீடுகளின் விவரம் ஆகியவை மட்டுமே உரையாக அதன் முன் வைக்கப்படுகின்றன. பயனர் கேட்டதைப் படித்து, எந்தக் கருவியை அழைப்பது, அதற்கு என்ன உள்ளீடு தருவது என்பதை அந்த உரையைக் கொண்டே மாதிரி முடிவு செய்து எழுதுகிறது; எழுதியதை வாங்கி உண்மையில் இயக்குவதும், கிடைத்ததை மாதிரியிடம் திருப்பித் தருவதும் வெளியே இருக்கும் வேறொரு நிரலின் வேலை. இந்தச் சுற்று திரும்பத் திரும்ப நடக்கும் அமைப்பையே செயற்கை நுண்ணறிவு முகவர் என்கிறோம்.

நிரலாளர்கள் வழக்கமாக எழுதும் குறிப்பு, 'கோப்புகளைத் தேடும்' என்ற ஒற்றை வரியாக இருக்கும். எதைத் தேடும், பெயரையா உள்ளடக்கத்தையா என்பது எழுதியவருக்குத் தெரியும் என்பதால் அவருக்கு அதில் குறையே தெரியாது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் இவை இரண்டும் தொடக்கத்திலிருந்தே தனித்தனி வேலைகள். பெயர்களைப் பொருத்தும் குளோப் 1971இல் வந்த முதல் பதிப்பிலேயே இருந்தது. உள்ளடக்கத்தில் தேடும் கிரெப்பை கென் தாம்ப்சன் எழுதினார், 1973இல் அது யூனிக்ஸ் கையேட்டில் இடம்பெற்றது. இரண்டின் குறியீட்டு வழக்கமும் வேறு. '2024*' என்று குளோப்பிடம் கொடுத்தால் 2024 என்று தொடங்கும் பெயர்களெல்லாம் வரும். அதையே ரெஜெக்ஸாக, அதாவது தேடும் எழுத்துகளின் வடிவத்தைக் குறிகளால் விவரிக்கும் முறையில், கிரெப்பிடம் கொடுத்தால், நட்சத்திரக் குறி தனக்கு முன்னுள்ள 4 எத்தனை முறை வந்தாலும், ஒருமுறைகூட வராவிட்டாலும் சரி என்று பொருள்பட்டு, 2023, 2025 உள்ள வரிகளும் வந்து குவியும். மாதிரி தன் பயிற்சியில் இரண்டு வழக்கங்களையும் ஏராளமாகப் படித்திருக்கிறது. குறிப்பு சொல்லாவிட்டால் ஏதோ ஒன்றை ஊகித்துக்கொள்ளும்.

இந்தக் குழப்பமாவது விடையைப் பார்த்ததும் வெளிப்பட்டுவிடும். இதைவிட மோசமானது, கருவி எங்கெல்லாம் தேடாது என்பதைச் சொல்லாமல் விடுவது. விரைவான தேடலுக்குப் பலரும் பயன்படுத்தும் ரிப்கிரெப், பெயர் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளையும், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளில் புறக்கணிக்குமாறு குறித்துவைத்த கோப்புகளையும், படம் போன்ற உரையல்லாத இருமக் கோப்புகளையும் இயல்பாகவே தாண்டிச் சென்றுவிடும். மனிதருக்கு அது வசதி. முகவரோ, மறைகோப்பு ஒன்றில் இருக்கும் அமைப்பு மதிப்பைத் தேடி, வெறுமையான விடையைப் பெற்று, 'இந்தத் திட்டத்தில் அப்படி ஒரு மதிப்பே இல்லை' என்று பயனரிடம் உறுதியாகச் சொல்லிவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்றை வேறொரு கோப்பில் எழுதியும் வைத்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வந்திருக்காது என்பதால் யாருக்கும் சந்தேகமும் எழாது.

ஆகவே, அந்த ஒற்றை வரியின் இடத்தில் நான் இப்படி எழுதுவேன்:

'கோப்புகளின் உள்ளடக்கத்தில் ஒரு ரெஜெக்ஸ் வடிவத்தைத் தேடும். கோப்பின் பெயரைக் கொண்டு தேட, பெயர்த்தேடல் கருவியைப் பயன்படுத்தவும். மறைகோப்புகளிலும் கிட் புறக்கணிக்கும் கோப்புகளிலும் தேடாது. அவற்றையும் சேர்க்க, "மறைந்தவை" என்ற உள்ளீட்டுக்கு "ஆம்" என்று தரவும். முதல் 100 பொருத்தங்களை மட்டும் தரும்; அதற்கு மேல் இருந்தால் கடைசி வரியில் மொத்த எண்ணிக்கையைச் சொல்லும்.'

முதல் இரண்டு வாக்கியங்கள் கருவியைத் தேர்ந்தெடுக்க உதவுகின்றன. மற்றவை கிடைத்த விடையை எவ்வளவு நம்பலாம் என்று சொல்கின்றன. பின்னதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பாதையை முழுமையாகத் தர வேண்டுமா, இப்போதைய கோப்புறையிலிருந்து தொடங்கினால் போதுமா என்பதை உள்ளீட்டுக்குரிய விவரத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். குறிப்பு நீண்டுகொண்டே போகவும் கூடாது. ஒவ்வொரு அழைப்பிலும் அது மாதிரியின் சூழல் சாளரத்தில், அதாவது மாதிரி ஒரே நேரத்தில் கருத்தில் கொள்ளக்கூடிய உரையின் அளவுக்குள், இடம் பிடிக்கிறது.

பிழைச்செய்தியும் குறிப்பின் தொடர்ச்சிதான். இல்லாத கோப்புறையில் தேடச் சொன்னால் வெறுமையைத் திருப்பித் தருவது பொய் சொல்வதற்குச் சமம். 'அப்படியொரு கோப்புறை இல்லை' என்று வந்தால் முகவர் தன் பாதையைத் திருத்திக்கொள்ளும். எழுதிய குறிப்பு போதுமா என்றறிய, முகவர் செய்த அழைப்புகளின் பதிவைப் படிப்பதே நல்ல வழி. ஒரே சொல்லைச் சிறுசிறு மாற்றங்களுடன் மூன்று நான்கு முறை தேடியிருந்தால், அது எதையோ ஊகித்துத் தடவிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

எல்லாச் சிக்கலையும் குறிப்பின் தலையில் கட்டவும் கூடாது. 'கோப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகளை ஒப்பிடும் தேடலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். எந்தக் கோப்பில் எந்த வடிவம் இருக்கிறது என்பது மாதிரிக்கு முன்கூட்டித் தெரிய வழியில்லை. தேடுசொல்லையும் கோப்பின் உரையையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பின் ஒப்பிடும்படி கருவியையே திருத்திவிட்டால், குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூடத் தேவைப்படாது.