இரவு ஒன்பது மணிக்கு இறங்கும் வெயில்

மே மாதத்தில் மேல்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு இது தெரியும். பகல் வெயிலைக்கூடச் சமாளித்துவிடலாம். இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் காற்று வீசிக்கொண்டிருக்க, அறைக்குள் மின்விசிறியைப் போட்டால் அனல்தான் இறங்கும். சூரியன் எப்போதோ மறைந்துவிட்டது. இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

கூரையிலிருந்து. வெயிலில் காயும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பில் ஏறிய வெப்பம், அதன் கனத்தைக் கடந்து அடிப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கிறது. மாலைக்குப் பிறகு அந்தத் தளமே தலைக்கு மேலிருந்து நம்மீது வெப்பக் கதிர்களை வீசுகிறது. மின்விசிறியோ கூரையை ஒட்டிய சூடான காற்றைக் கீழே தள்ளுகிறது.

மின்சாரத்தை நம்பாமல் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும் கலையைக் கட்டட வல்லுநர்கள் ‘பேசிவ் டிசைன்’ என்கிறார்கள். நம் ஊரில் அது கூரையில்தான் தொடங்க வேண்டும் என்பேன். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்டு நடுவில் ஒருமுறை, சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதையொட்டிய வாரங்களில் நண்பகல் வெயில் முழுவதையும் கூரையே வாங்குகிறது. வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சிறிய சன்ஷேடு போதும். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்து வரும் வெயில் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும். அதனால் அந்த இரு பக்கச் சுவர்களும் நீளம் குறைவாக இருப்பது நல்லது.

கூரைக்கு எளிய மருந்து வெள்ளை. பழைய சிமெண்டுப் பரப்பு வெயிலில் பாதிக்குமேல் விழுங்கும். புதிதாக அடித்த சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை வெளிவிடுவதிலும் சுண்ணாம்பு கெட்டி. பளபளக்கும் அலுமினியத் தகடு வெயிலைத் திருப்பினாலும், வாங்கிய சூட்டை அவ்வளவு எளிதில் வெளிவிடாது.

செட்டிநாட்டு வீடுகளில் இந்த அறிவு முழுமையாக இருக்கிறது. நாட்டு ஓடுகளைப் பல அடுக்காக வேய்ந்த கூரை, தடித்த சுவர், நடுவே வானம் பார்த்த முற்றம். இரவில் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கித் தரையையும் சுவர்களையும் குளிர்விக்கும். மறுநாள் முற்பகல் வரை அவை அறைகளின் சூட்டை வாங்கிக்கொள்ளும். பகலில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடும்.

இரவில் நன்றாகக் குளிரும் உலர்ந்த உள்நாட்டுக்கு ஏற்ற உத்தி அது. ஈரக் காற்று வீசும் கடலோரத்தில் இரவு அவ்வளவு குளிராது. தடித்த சுவர் சூட்டைப் பிடித்துவைக்கும். அங்கே எதிரெதிர் சன்னல்களும் தடையில்லாத காற்றோட்டமுமே முக்கியம்.

இப்போது புது வீடுகளில் முற்றம் வைத்து, அதன் மேல் கண்ணாடியை இறுக மூடுகிறார்கள். மழைக்கும் பாதுகாப்புக்கும் என்கிறார்கள், புரிகிறது. ஆனால் கண்ணாடி வெயிலை உள்ளே விடும். தரையிலிருந்து எழும் வெப்பக் கதிர்களை வெளியே விடாது. மேலேறிய காற்றுக்கும் வழியில்லை. முற்றம் பசுமைக்குடிலாகிவிடுகிறது. மூடித்தான் ஆகவேண்டும் என்றால் கூரையை இரண்டடி உயர்த்தி, நான்கு பக்கமும் கம்பி வலையோடு திறந்து விடுங்கள். கண்ணாடிக்குப் பதில் ஓடு வேயுங்கள். பக்கவாட்டில் வரும் வெளிச்சமே போதும்.