ஆல்ரவுண்ட் அத்லெட் என்பதற்குத் தமிழ்ச்சொல்: பல்துறை மெய்வல்லுநர்

‘உலகிலேயே சிறந்த ஆல்ரவுண்ட் அத்லெட் யார்?’ என்று விளையாட்டுப் பித்துள்ள நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டால் பொழுது போவதே தெரியாது. ஒருவர் ஜிம் தோர்ப் என்பார். இன்னொருவர் டேலி தாம்சன் என்பார். மூன்றாமவர் கேரி சோபர்ஸை விட்டுக்கொடுக்க மாட்டார். மூவரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்வதாக நினைக்கிறார்கள், ஆனால் மூன்றும் வேறு வேறு கேள்விகள். தாம்சன் தடகளம் என்ற ஒரே விளையாட்டுக்குள் பத்துப் போட்டிகளில் வல்லவர். சோபர்ஸ் கிரிக்கெட் என்ற ஒரே ஆட்டத்துக்குள் மட்டைவீச்சு, பந்துவீச்சு, ஃபீல்டிங் மூன்றிலும் வல்லவர். 93 டெஸ்ட்களில் 8,032 ரன், 235 விக்கெட், 109 கேட்ச் என்பது அவர் கணக்கு. தோர்ப் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விளையாட்டுகளில் இறங்கியவர். மூன்று வகைத் திறமைக்கும் ஒரே பெயர் சூட்டிவிட்டதால்தான் வாதம் முடிவதில்லை. தமிழில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, அல்லது எளிதாக ஆக்கிக்கொள்ளலாம்.

முதலில் ‘அத்லெட்’. கிரேக்க மொழியில் ‘ஆத்லோஸ்’ என்றால் போட்டி, ‘ஆத்லோன்’ என்றால் போட்டியில் கிடைக்கும் பரிசு. பரிசுக்காகப் போட்டியிடுகிறவர் ‘ஆத்லேட்டேஸ்’. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர்ச்சொல்லில் ஓட்டமும் இல்லை, தாண்டுதலும் இல்லை. மல்லரும் குத்துச்சண்டைக்காரரும்கூட கிரேக்கர்களுக்கு ஆத்லேட்டேஸ்தான். பின்னாளில் பிரிட்டனில் ‘அத்லெடிக்ஸ்’ என்பது ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று சுருங்கியது. அமெரிக்காவிலோ எந்த விளையாட்டை ஆடுகிறவரும் அத்லெட். நாம் பிரிட்டிஷ் வழக்கைப் பள்ளிக்கூடத்திலும் அமெரிக்க வழக்கைத் தொலைக்காட்சியிலும் கற்றுக்கொண்டோம். அதனால் ஒரே சொல்லை இரண்டு பொருளில் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம்.

தமிழ்நாட்டு நாளிதழ்கள் அத்லெட்டைத் ‘தடகள வீரர்’ என்று எழுதுகின்றன. தடம் என்பது ஓடுபாதை, களம் என்பது எறியவும் தாண்டவுமான இடம். நல்ல சொல், பொருளும் துல்லியம். ஆனால் பிரிட்டிஷ் பொருளுக்கு மட்டுமே அது பொருந்தும். நீச்சல்காரரைத் தடகள வீரர் என்று சொல்ல முடியாது. கோல்ஃப் ஆடுகிறவரையும் சொல்ல முடியாது. ‘சிறந்த ஆல்ரவுண்ட் அத்லெட்’ என்பதைச் ‘சிறந்த தடகள வீரர்’ என்று மொழிபெயர்த்தால் கேள்வியே மாறிவிடும்.

இந்த இடத்தில் நமக்குக் கைகொடுப்பது இலங்கைத் தமிழ். அங்கே பள்ளிகளில் ஆண்டுதோறும் நடக்கும் விளையாட்டு விழாவுக்கு ‘இல்ல மெய்வல்லுநர் போட்டி’ என்று பெயர். மாணவர்கள் இல்லம் இல்லமாகப் பிரிந்து அணிநடை போவார்கள், நீளம் பாய்வார்கள், அஞ்சலோட்டம் ஓடுவார்கள். அழைப்பிதழிலும் அறிவிப்பிலும் ‘மெய்வல்லுநர்’ என்ற சொல் வெகு இயல்பாகப் புழங்குகிறது. நம்மூர் வாசகருக்கு முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் கனமாகத் தோன்றலாம். பிரித்துப் பார்த்தால் மிக எளிது: மெய் என்றால் உடல், வல்லுநர் என்றால் தேர்ச்சி பெற்றவர். உடலாற்றலில் தேர்ந்தவர் மெய்வல்லுநர். இலங்கையிலும் அது பெரும்பாலும் தடகளத்தையே குறிக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் சொல்லின் உள்ளே ஓடுபாதையும் இல்லை, மைதானமும் இல்லை. அகலமான பொருளுக்கு அது தாராளமாக இடம் கொடுக்கும். கிரேக்கச் சொல் பரிசைப் பார்த்துப் பெயர் வைத்தது. தமிழ்ச்சொல் திறமையைப் பார்த்துப் பெயர் வைக்கிறது. எனக்குத் தமிழ்ச்சொல்தான் மேலாகப் படுகிறது.

அடுத்தது ‘ஆல்ரவுண்ட்’. எல்லாப் பக்கமும் சுற்றி வருவது என்பது நேர்ப்பொருள். ‘ஆல்ரவுண்டர்’ 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கிரிக்கெட்டில் ஊன்றி வளர்ந்த சொல். தமிழ்நாட்டில் அப்படியே ‘ஆல்ரவுண்டர்’ என்கிறோம், இலங்கையில் ‘சகலதுறை ஆட்டக்காரர்’ என்கிறார்கள். கிரிக்கெட்டுக்கு அது மிகப் பொருத்தம், ஏனென்றால் அங்கே துறைகள் எண்ணி மூன்று, மூன்றையும் ஒருவரால் ஆள முடியும். ஆனால் எல்லா விளையாட்டும் சேர்ந்த பரப்புக்கு ‘சகல’ என்ற அடைமொழி தாங்காது. உலகில் எவரும் சகல விளையாட்டிலும் வல்லவராக இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. அங்கே ‘பல்துறை’ என்பதே உண்மைக்கு நெருக்கம்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. பண்டைய ஒலிம்பிக்கில் கி.மு. 708இல் பென்டத்லான் சேர்ந்தது. ஓட்டம், நீளம் தாண்டுதல், வட்டு எறிதல், ஈட்டி எறிதல், மற்போர் என ஐந்து. ஐந்திலும் இறங்குகிறவர்களின் உடல்தான் மிக அழகானது, வலிமைக்கும் வேகத்துக்கும் ஒருசேரப் பொருந்தியது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். அதே சொல்லுக்கு இன்னொரு முகமும் இருந்தது. பிளேட்டோவின் பெயரில் வழங்கும் ஓர் உரையாடலில், பென்டத்லான்காரர் ஓட்டத்தில் ஓட்டக்காரருக்கும் மற்போரில் மல்லருக்கும் அடுத்தபடியாகவே வருவார் என்ற பேச்சு வருகிறது. பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரடோஸ்தனிஸுக்கு ‘பென்டத்லோஸ்’ என்று ஒரு பட்டப்பெயர், ‘பீட்டா’ என்று இன்னொன்று. பீட்டா கிரேக்க எழுத்துகளில் இரண்டாவது. பல துறை தெரிந்தவர், எந்தத் துறையிலும் இரண்டாமவர் என்பது உட்பொருள். ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்று நம் ஊரில் சொல்வதும் இந்தச் சந்தேகத்தைத்தான். ஆல்ரவுண்ட் என்ற புகழ்ச்சிக்குள் ஒரு குறையும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே சிறந்த பல்துறை மெய்வல்லுநர் யார் என்று கேட்டால், எத்தனை துறை என்று எண்ணுவதோடு நிறுத்தக் கூடாது. எத்தனை துறையில் அவர் யாருக்கும் இரண்டாமவர் அல்ல என்று பார்க்க வேண்டும்.

பென்டத்லானின் அச்சிலேயே பிற்காலத்தில் வார்த்தது டெகத்லான். ‘டெகா’ என்றால் பத்து. ஜெர்மன்காரர்கள் கிரேக்கச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. பத்து, போராட்டம் என்ற தங்கள் சொற்களை இணைத்து ‘ட்ஸேன்காம்ஃப்’ என்கிறார்கள். சுவீடனில் ‘டியூகாம்ப்’. நமக்கும் தடையில்லை. ஐம்பொறி என்கிற மொழியில் ஐம்போட்டி வரும், எழுகடல் என்கிற மொழியில் ஹெப்டத்லானுக்கு எழுபோட்டி வரும், பதின்மர் என்கிற மொழியில் பதின்போட்டி வரும். எட்டுக் கவனம் உள்ளவரை அட்டாவதானி, நூறு கவனம் உள்ளவரைச் சதாவதானி என்று எண்ணிக்கையாலேயே பட்டம் கொடுத்த மரபு நம்முடையது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 6,026 புள்ளி எடுத்துத் தங்கம் வென்ற ஸ்வப்னா பர்மனை ‘எழுபோட்டியாளர்’ என்றும், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 7,666 புள்ளியோடு வெள்ளி வென்ற தேஜஸ்வின் சங்கரைப் ‘பதின்போட்டியாளர்’ என்றும் எழுதினால் எந்த வாசகரும் தடுமாற மாட்டார்.

பதின்போட்டியில் ‘யார் சிறந்தவர்’ என்ற வாதத்துக்கு விடை உண்டு, ஏனென்றால் அங்கே புள்ளி அட்டவணை இருக்கிறது. இன்றைய அட்டவணைப்படி 100 மீட்டரை 10.39 விநாடியில் ஓடினாலும், 7.76 மீட்டர் நீளம் தாண்டினாலும், 1,500 மீட்டரை 3 நிமிடம் 53.79 விநாடியில் முடித்தாலும் கிடைப்பது ஏறக்குறைய அதே 1,000 புள்ளி. வேகமும் வலிமையும் தாக்குப்பிடிக்கும் திறனும் ஒரே அளவுகோலில் வந்து நிற்கின்றன.

அந்த அளவுகோல் என்ன செய்யும் என்பதற்கு 1960 ரோம் ஒலிம்பிக்கை விடச் சிறந்த சாட்சி கிடையாது. அமெரிக்காவின் ராஃபர் ஜான்சனும் தைவானின் சி.கே. யாங்கும் கலிஃபோர்னியாவில் ஒரே பயிற்சியாளரிடம் பயின்ற நண்பர்கள். பத்துப் போட்டிகளில் ஏழில் ஜான்சனை முந்தியவர் யாங். குண்டு, வட்டு, ஈட்டி ஆகிய மூன்று எறிதல்களில் மட்டும் ஜான்சன் முந்தினார், அதுவும் பெரிய இடைவெளியில். இரண்டாம் நாள் இரவு, கடைசியாக 1,500 மீட்டர். ஜான்சன் 67 புள்ளி முன்னால் இருக்கிறார். ஆனால் யாங் பத்து விநாடி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டால் தங்கம் கைமாறும். ஜான்சன் ஒன்றே ஒன்று செய்தார்: யாங்கின் முதுகை விட்டு விலகவில்லை. யாங் திரும்பிப் பார்க்கிறார், ஜான்சன் இருக்கிறார். வேகத்தைக் கூட்டுகிறார், அப்போதும் இருக்கிறார். யாங் 1.2 விநாடி முன்னால் கோட்டைத் தொட்டார், தங்கம் ஜான்சனுக்குப் போனது. 8,392க்கு 8,334. ஏழில் முந்தியவர் தோற்றார் என்று கேட்கும்போது அநியாயமாகப் படும், ஆனால் பதின்போட்டி என்ற சொல்லின் பொருளே அதுதான். பத்தும் சேர்ந்து ஒரே போட்டி.

அட்டவணையும் மனிதர் போட்டதுதான். 1963இல் யாங் 9,121 புள்ளி எடுத்து 9,000ஐக் கடந்த முதல் ஆளானார். அன்று அவர் கோலூன்றித் தாண்டிய உயரம் அட்டவணையின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. அடுத்த ஆண்டு புதிய அட்டவணை நடைமுறைக்கு வந்தது, டோக்கியோவில் அவர் ஐந்தாவது இடம்தான் பிடித்தார்.

பல்துறைக்கோ அப்படி ஓர் அட்டவணை கிடையாது. கோல்ஃபில் மட்டையால் அடிக்கும் ஓர் அடியை (ஸ்ட்ரோக்) ஈட்டியின் ஒரு மீட்டரோடு எப்படி ஒப்பிடுவது? அதனால்தான் அந்த வாதம் நீள்கிறது. அதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஜிம் தோர்ப் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐம்போட்டி, பதின்போட்டி இரண்டிலும் தங்கம் வென்றார். அமெரிக்கப் பூர்வகுடியான சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தவர். அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்ததே 1924இல்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். முன்பு பணம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்று சொல்லி 1913இல் பதக்கங்களைப் பறித்தார்கள். அவர் 1953இல் காலமானார். 1983இல் மாற்றுப் பதக்கங்கள் குடும்பத்தாரிடம் போய்ச் சேர்ந்தன. தனி வெற்றியாளர் என்ற இடம் 2022இல்தான் திரும்பக் கிடைத்தது. ஒரு மனிதருக்கு இழைத்த அநீதியைத் திருத்த 109 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அமெரிக்கக் கால்பந்தில் அவர் உச்சத்தில் இருந்தார், இன்று என்எஃப்எல் எனப்படும் அமைப்பின் முதல் தலைவரும் அவரே. பேஸ்பால் பெரிய லீக்கில் 289 ஆட்டங்கள், மட்டைச் சராசரி .252. மோசமில்லை, உச்சமும் இல்லை.

அடுத்தவர் பேப் டிட்ரிக்சன் என்ற அமெரிக்கப் பெண். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம், உயரம் தாண்டுதலில் வெள்ளி வென்றார். பெண்கள் மூன்று போட்டிக்கு மேல் இறங்கக் கூடாது என்பது அன்றைய விதி. இல்லாவிட்டால் எத்தனை வென்றிருப்பாரோ! அதற்குச் சில வாரம் முன்பு எவன்ஸ்டனில் நடந்த தேசியப் போட்டியில் தன் அணிக்காக அவர் ஒருவரே களமிறங்கி 30 புள்ளி எடுத்தார். இரண்டாவதாக வந்த அணியில் 22 பெண்கள், அவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்தது 22 புள்ளி. கூடைப்பந்தில் அவர் அணி தேசிய வாகையர். பிறகு கோல்ஃபுக்குப் போய் 10 பெரும் பட்டங்கள் வென்றார். 1953இல் பெருங்குடல் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த ஆண்டே அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் கோல்ஃபை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். தொடர்பே இல்லாத இரண்டு விளையாட்டுகளில், இரண்டிலும் உலகத்தின் முதலிடம். கிரேக்கர்களின் ‘இரண்டாமவர்’ என்ற குறை ஒட்டவே ஒட்டாதவர். என்னைக் கேட்டால் டிட்ரிக்சன்தான்.

நம்மிடையேயும் இந்தச் சொல்லுக்குத் தகுதியானவர்கள் உண்டு. சென்னைக் கிரிக்கெட்டின் முன்னோடி புச்சி பாபுவின் மகன் சி. ராமசாமி 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். 1936இல், நாற்பது வயதில், மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆடி 40, 60 எடுத்தார். அதே இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் இருந்தவர் எம்.ஜே. கோபாலன். 1934இல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர், 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற ஹாக்கி அணியிலும் ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துக் கிரிக்கெட்டா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூட ஆடக் கிடைக்கவில்லை. ஹாக்கி அணி பெர்லினில் தங்கம் வென்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. பல்துறை மெய்வல்லுநருக்கு உடலைவிட நாட்காட்டிதான் பெரிய எதிரி.

ஆக, வழக்கில் இப்படி வைத்துக்கொள்ளலாம். கிரிக்கெட் ஆல்ரவுண்டருக்குச் சகலதுறை ஆட்டக்காரர். டெகத்லான்காரருக்குப் பதின்போட்டியாளர். பல விளையாட்டுகளில் சிறந்தவருக்குப் பல்துறை மெய்வல்லுநர். எழுத்தில் ‘வல்லுனர்’ என்றும் பார்க்கிறோம். ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் போல ‘நர்’ விகுதி பெற்ற சொல்லாதலால் ‘வல்லுநர்’ என்பதே சரி. அந்த விகுதியில் இன்னொரு வசதியும் இருக்கிறது. வீரர், வீராங்கனை என்று பிரிக்க வேண்டியதில்லை, தோர்ப்பும் மெய்வல்லுநர், டிட்ரிக்சனும் மெய்வல்லுநர்.