காற்றடிக்கும் ஊரில் பவர் மீட்டர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டிக் கேரளத்துச் சித்தூர், கொல்லங்கோடு வரை சாலை சைக்கிள் ஓட்டுபவர்கள் பெருகப் பெருக, முழங்கால் வலிக்காக என்னிடம் வருபவர்கள் தம் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் கருவியையும் கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டரில் எது நல்லது, அதைத் திரையில் காட்டும் சைக்கிள் கம்ப்யூட்டரில் எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் விடை சொல்ல வேண்டுமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் தவறாகப் பொருத்திய கருவி காட்டும் எண்ணைத் துரத்திக் காலைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன் என்பதால், இது என் தொழிலுக்கு வெளியே நிற்கும் விஷயமல்ல.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பகுதியில் வெறும் பேச்சல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே பாய்ந்து உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிடுகிறது. இந்தக் காற்றில் வேகமானியை நம்பிப் பயிற்சி செய்வது வீண். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், காற்றில்லாத சமதளத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 60 வாட் போதும். மணிக்கு 20 கி.மீ. எதிர்காற்று வீசும் நாளில் கோபாலபுரம் தாண்டி மேற்கே போகும்போது அதே வேகத்துக்கு ஏறத்தாழ 180 வாட், அதாவது 3 மடங்கு, தேவைப்படும். திரும்பி வரும்போதோ 80 வாட்டிலேயே 35 கி.மீ. வேகம் கிடைத்துவிட, தேறிவிட்டோம் என்ற மயக்கமும் வந்துவிடும். மிதிக்கும் விசையை அளக்கும் மீட்டர் இல்லாமல், வேகத்தையும் ஏற்றத்தையும் வைத்துச் செயலிகள் கணக்கிட்டுத் தரும் ‘உத்தேச வாட்’ இத்தகைய நாளில் கொஞ்சமும் பயன்படாது. ஏனெனில் முகத்தில் அடிக்கும் காற்று அந்தக் கணக்குக்குச் சரியாகத் தெரிவதில்லை.

உண்மையான பவர் மீட்டர் செய்வது வேறு. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), பெடல் அச்சு, ஸ்பைடர் (முன் பல்சக்கரத்தைக் கிராங்கோடு இணைக்கும் பகுதி), பின்சக்கர ஹப் (சக்கரத்தின் மையப் பகுதி) ஆகியவற்றுள் ஏதோ ஒன்றில் ஒட்டப்பட்ட ஸ்ட்ரெயின் கேஜ், நாம் மிதிக்கும்போது அந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைவதை மின்தடை மாற்றமாக உணர்கிறது. அதிலிருந்து கிடைக்கும் முறுக்குவிசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட் கிடைக்கும். ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் 1986இல் தொடங்கிய எஸ்ஆர்எம் நிறுவனத்தின் மீட்டர்கள் தொழில்முறை வீரர்களுக்கே எட்டும் பொருளாக நெடுங்காலம் இருந்தன. இன்று ஒற்றைக் கிராங்க் மீட்டர்கள் அந்த அளவுக்கு எட்டாதவை அல்ல என்றாலும், இருபுறமும் அளக்கும் பெடல் ஜோடி ஒரு நல்ல அலுமினியச் சைக்கிளின் விலையை நெருங்கிவிடுகிறது.

இவ்வளவு செலவு யாருக்குத் தேவை என்று கேட்டால், போட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல என்பேன். இரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், 220இல் வயதைக் கழித்து வரும் இதயத்துடிப்பை இலக்காக வைத்து மிதித்தால், அந்த மாத்திரை துடிப்பை அடக்கி வைத்திருப்பதால், எட்ட முடியாத எண்ணை எட்டப் பார்த்து உடலை வருத்திக்கொள்வார். பங்குனி வெயிலில் நிலைமை தலைகீழ்: ஒரே உழைப்புக்குத் துடிப்பு நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும். வாட் இந்த இரண்டாலும் அசையாது. இருந்தாலும் இதய நோய், அழுத்தம் உள்ளவர்கள் தம் மருத்துவரிடம் கேட்ட பிறகே தீவிரப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். கருவி வாங்கியாயிற்று என்பதற்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது. வாரம் ஒருமுறை நண்பர்களோடு ஆழியாறு போய் டீ குடித்துத் திரும்புகிறவருக்கு பவர் மீட்டர் தேவையில்லை. அந்தப் பணத்தில் இருக்கை உயரத்தையும், காலணியைப் பெடலில் பூட்டும் கிளீட்டின் நிலையையும் சரிபார்த்துக்கொண்டு, இதயத்துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை ஒன்றை வாங்கினால் போதுமானது.

வாங்குவதென்று முடிவு செய்தவர் கடைக்காரரிடம் கேட்குமுன் தம் சைக்கிளைக் குனிந்து பார்க்க வேண்டும். சதுர அச்சுள்ள பழைய கிராங்க் இருந்தால், ஷிமானோவின் 24 மி.மீ. அச்சுக்காகச் செய்த இடப்புறக் கிராங்க் மீட்டர் அதில் ஏறாது. அச்சு பொருந்தினாலும், கிராங்கின் உட்புறம் ஒட்டிய பெட்டிக்கும், பின்சக்கர அச்சுக்குப் போகும் கீழ்க்குழாயான செயின்ஸ்டேவுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா, பின் பிரேக் அந்தக் குழாயின் அடியில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; உரசினால் பெட்டி பெயர்ந்துவிடும். பெடல் மீட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை, வேறு சைக்கிளுக்கு மாற்றவும் எளிது. ஆனால் எந்த கிளீட் ஏற்கும் என்பதைப் பார்க்காமல் வாங்கி, பிறகு புதுக் காலணியும் வாங்க நேர்ந்தவர்கள் உண்டு. சாலைக் காலணிக்கான மூன்று துளை கிளீட்டும், மலைச் சைக்கிள் காலணிக்கான இரண்டு துளை கிளீட்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. வழியில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும் நீண்ட பயணங்களுக்கு நான் இரண்டு துளை வகையையே பரிந்துரைக்கிறேன்.

இடப்புறம் மட்டும் அளக்கும் மீட்டர் இடக்காலின் வாட்டை இரட்டித்துக் காட்டுகிறது. நீங்கள் 200 வாட் மிதிக்கும்போது இடக்காலின் பங்கு 47 சதவீதமாக இருந்தால், திரை 188 என்றே சொல்லும். இதைக் கேட்டதும் பலர் பதறி இருபுற மீட்டருக்கு மாறுகிறார்கள். எனக்கு அது அவசியமாகப் படவில்லை. அந்த 188 நாளையும் 188 ஆகவே இருக்குமானால் பயிற்சிக்கு அது போதும். இடது–வலது பங்கு சோர்வுக்கேற்பவும் மிதிக்கும் பலத்துக்கேற்பவும் மாறக்கூடியது என்பது மட்டுமே இதில் கவனிக்கத்தக்க குறை.

இருபுற மீட்டரோ வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், “இடது கால் ஏமாத்துதுங்க சார்” என்று திரையில் தெரிந்த 46–54ஐக் காட்டினார். அதைச் சரிசெய்ய ஒரு மாதமாக இடக்காலை வலிந்து அழுத்தியதில், முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாணில் வலி பிடித்துவிட்டது. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, கால்களை எடுத்துவிட்டு, ஜீரோ ஆஃப்செட் (கருவியைப் பூஜ்ஜியத்துக்கு அமைப்பது) செய்து மீண்டும் மிதிக்கச் சொன்னபோது பங்கு 49–51 ஆனது. வாங்கிய நாளிலிருந்து அவர் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. இரண்டு மூன்று சதவீத வேறுபாடு ஆரோக்கியமானவர்களிடமும் சாதாரணம்; பழைய எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ வலியோ இல்லாதவர் அதைத் திருத்த முயலவே வேண்டாம்.

ஜீரோ ஆஃப்செட் என்பது சுமையே இல்லாதபோது கருவி காட்டும் அளவைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளச் செய்வது. வெப்பநிலை மாறினால் உலோகமும் மாறுவதால், ஏசி அறையிலிருந்து எடுத்த சைக்கிளைப் பத்துப் பதினைந்து நிமிடமாவது வெளியே நிறுத்திய பிறகு இதைச் செய்ய வேண்டும். புதிய மீட்டர்கள் வெப்ப மாற்றத்தைத் தாமாகவே ஈடுசெய்ய முயன்றாலும், ஆழியாற்றின் வெயிலில் தொடங்கி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக் குளிருக்குப் போகிறவர் இடையில் நிற்கும்போது ஒருமுறை செய்துகொள்வது நல்லது. துல்லியம் கூட்டல் கழித்தல் 1 சதவீதமா 2 சதவீதமா என்று அட்டைப் பெட்டியைப் படித்துத் தயங்குகிறவர்கள், பெடல் மீட்டரில் 165 மி.மீ. கிராங்குக்கு அமைப்பில் 172.5 என்றே விட்டுவைத்தால் 200 வாட் 209 ஆகிவிடும் என்பதைக் கவனிப்பதில்லை. விளம்பரத்தில் உள்ள தசமத்தைவிட இந்த இரண்டு வேலைகளும் முக்கியம்.

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை வண்ணத் திரையும் வரைபடமும் பிறகுதான். வியர்வையிலும் மழையிலும் தொடுதிரை சொன்னதைக் கேட்காது என்பதால் பொத்தான் உள்ளதையே நான் விரும்புகிறேன். கம்பியில்லா இணைப்பு முறைகளான ஏஎன்டி பிளஸ், புளூடூத் இரண்டும் இருந்தால் பெரும்பாலான சென்சார்கள் சேரும். மலைச் சாலையில் மரநிழலும் வளைவும் ஜிபிஎஸ் வேகத்தைக் குழப்புவதால், சக்கர சென்சார் ஒன்று தனியே வைத்துக்கொள்ளலாம். உயரத்தைக் காற்றழுத்தத்தால் அளக்கும் கருவியில் அதன் சிறு துளை மழைநீரில் அடைபட்டால் ஏற்றம் தாறுமாறாகும். நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணமான பிரெவேயில், 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் வரை நேரம் உண்டு. வழிகாட்டலும் திரை வெளிச்சமும் போட்டு ஓடினால் பெட்டியில் எழுதிய பேட்டரி நேரம் கிடைக்காது என்பதை நினைத்து வாங்க வேண்டும். பதிவை ஒவ்வொரு நொடிக்கும் வைத்து, சராசரி வாட்டில் மிதிக்காத நேரத்தின் பூஜ்ஜியங்களையும் சேர்த்து, திரையில் 3 நொடிச் சராசரியைக் காட்டச் செய்தால், எண் துள்ளாது, கண்ணும் சாலையில் இருக்கும். இறக்கத்தில் அந்தத் திரையைப் பார்க்கவே வேண்டாம்.

நீர்காப்புத் தரக் குறியீடு ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். வாட்டர் சர்வீஸ் பம்பின் பீய்ச்சலுக்கு அது உத்தரவாதமல்ல. மழைக்காலச் சேற்றை வாளித் தண்ணீரும் துணியும் கொண்டு கழுவினால் போதும்.

ஹப் வகை அல்லாத பழைய மீட்டர் விலைக்கு வந்தால், செயலியில் முறுக்குவிசை எண் தெரியும் வகையாக இருக்கும்பட்சத்தில், வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். செயினைக் கியரில் வைத்துப் பின் பிரேக்கை இறுக்கிக் கட்டி, கிராங்கைக் கிடைமட்டமாக நிறுத்தி, கொப்பரை மண்டியில் எடை சரிபார்த்த 20 கிலோக் கல்லைப் பெடல் அச்சில் தொங்கவிட வேண்டும். 170 மி.மீ. கிராங்கில் 33.4 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். 32 வந்தால் மீட்டர் 4 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. ஜீரோ ஆஃப்செட் செய்து மும்முறை தொங்கவிட்டும் அதே 32 வந்தால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம், ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.