ஐயா, அந்தச் சிமென்ட் மூட்டையை இறக்கி வையுங்கள்

சிமென்ட் பற்றி இதே கேள்வியைக் கேட்பதில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். சிரியாவின் கிராக் தே ஷெவாலியே கோட்டையைப் பற்றி நான் பேசி முடித்ததும், கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்தார். "சண்டையில இடிஞ்சதுன்னு சொல்றீங்க. நல்ல சிமென்ட் போட்டுக் கட்டினா ஆயிரம் வருஷம் நிக்குமே சார்?" பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதே என் பிழைப்பு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது.

சிலுவைப்போர்க் காலத்தில், 1142-ல், ஹாஸ்பிட்டலர் என்ற கிறிஸ்தவத் துறவிப் படைவீரர்கள் கைக்கு வந்த கோட்டை அது. 1170 நிலநடுக்கத்தில் அடி வாங்கியது. அதன்பின் அவர்கள் திருப்பிக் கட்டிப் பெருக்கினார்கள். 1271-ல் அதைப் பிடித்த எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸும் இடித்துத் தள்ளவில்லை, பழுதுபார்த்தார், தேவாலயம் மசூதியானது. இத்தனை பேர் கை வைத்தும் நிற்கிறதென்றால், எல்லாரும் சுண்ணாம்புச் சாந்தில்தான் கை வைத்தார்கள்.

சிமென்ட் கெட்டி, ஆகவே நல்லது என்று நினைக்கிறீர்கள். அங்கேதான் தவறு. கோட்டைச் சுவர் சுண்ணாம்புக்கல். மழை உள்ளே போகத்தான் செய்யும், போன ஈரம் வெளியே வரவும் வேண்டும். சுண்ணாம்புச் சாந்து வழி விடும். சிமென்ட் விடாது. ஈரம் வேறு வழியில்லாமல் கல் வழியாகவே வரும், உப்பையும் கூட்டிக்கொண்டு. அந்த உப்பு கல்லின் முகத்துக்குப் பின்னால் பூத்து, முகத்தையே பொரியாக உதிர்த்துவிடும். கடைசியில் சிமென்ட் கோடுகள் துருத்திக்கொண்டு நிற்கும், நடுவே கல் குழி விழுந்திருக்கும். சாந்து தேய்ந்தால் மாற்றலாம், கல்லை எங்கே போய் மாற்றுவது? கல்லைவிடச் சாந்து மென்மையாக இருக்கணும் என்றால் சிவில் படித்த பிள்ளைகளே சிரிக்கிறார்கள்.

சரி, தப்பாகப் பூசியதைப் பெயர்த்துவிடலாமே என்பீர்கள். பெயர்த்திருக்கிறேன், ஒரு பழைய மண்டபத்தில். சிமென்டோடு கல்லின் விளிம்பும் சேர்ந்து கையில் வந்தது. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

2013-ல் உள்நாட்டுப் போரில் குண்டுவீச்சு, 2023 பிப்ரவரியில் நிலநடுக்கம் (அதில் சிரியாவின் இன்னொரு பழைய கோட்டையான சலாதீன் கோட்டையும் சேதமானது) என்று அடுத்தடுத்து வரும்போது சீக்கிரம் எதையாவது பூசலாம் என்றுதான் கை துறுதுறுக்கும். பூசாதீர்கள். முதலில் முட்டுக் கொடுங்கள், மேலே தண்ணீர் இறங்காமல் மூடுங்கள், விழுந்த கல்லை அப்புறப்படுத்தாமல் எண் போட்டு அடுக்குங்கள். சுவரில் செடி முளைத்திருந்தால் வேரோடு இழுக்காதீர்கள், சாந்தும் கூடவே வரும். வேரை விட்டுவிட்டு, சுவரை ஒட்டி வெட்டி விடுங்கள்.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்களே, கோட்டையின் சரிவான அடிச்சுவரில் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். கல்லில் பேரும் கீற வேண்டாம். உங்கள் பாட்டன் கட்டிய காரை வீட்டுக்குக் கொத்தனாரைக் கூப்பிடும்போது மட்டும், சுண்ணாம்பு குழைக்கத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், புண்ணியமாகப் போகும்.